கோல் தட்டியவர்

சாவா கோல் தட்டவில்லை. அன்று எங்கள் குழுவில் இருந்த ஒன்பது பேரில் இதை நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர்தான்: தலைவர் யாகிம், நான், சாவா. யாகிம் சொல்லமாட்டார். நான் சொல்லவில்லை. சாவாவுக்குத் தலையில் அடிபட்டதில் அந்த மதியமே நினைவில் இல்லை என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் கிளப்பின் பெயர் வெள்ளை முயல். குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை மாலை தலைநகர் சோஃபியாவிலிருந்து ஒரு பேருந்தில் பிரின் மலைக்குப் போவோம்; சனியும் ஞாயிறும் பனியில் சறுக்கிவிட்டுத் திரும்புவோம். பல் மருத்துவர், நில அளவைக்காரர், இரண்டு கணக்காசிரியைகள், ஓய்வுபெற்ற விமானப் பணியாளர் என்று கலவையான கூட்டம். யாரும் பந்தயக்காரர்கள் இல்லை. பாதிப் பேர் சறுக்குவதற்காக வருகிறார்கள், பாதிப் பேர் சறுக்கி முடித்த பிறகு குடிப்பதற்காக வருகிறார்கள்.

பனியில் ஊன்றிச் சறுக்கும் கோலைத் தட்டுவது எங்கள் கிளப்பில் மட்டும் உள்ள வழக்கம். முன்னொரு காலத்தில் ஒருவரைக் காணோம் என்று மூன்று மணி நேரம் மலை முழுக்கத் தேடியிருக்கிறார்கள். அவர் ஒரு குடிலில் உட்கார்ந்து சூடான ஒயின் குடித்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகு வந்த விதி இது. குழுவை விட்டுத் தனியாகப் போக விரும்புகிறவர் தலைவரின் முன்னால் வந்து நின்று, தன் கோலைத் தலைவரின் கோலோடு குறுக்காக வைத்து ஒருமுறை தட்ட வேண்டும். தட்டிவிட்டால் அவர் பாடு அவருக்கு. யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தட்டாதவரை விட்டுவிட்டு யாரும் லிஃப்ட் ஏறக் கூடாது. இது காகிதத்திலும் இருக்கிறது. உறுப்பினராகச் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் விதிகளில் ஏழாவது.

ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் தலைவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருகிறவரை 'வால்' என்போம். வால் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருக்க வேண்டும், யாரையும் முந்திப் போகக் கூடாது. பத்தொன்பது வருடங்களாக நான் வால். வேகமாகச் சறுக்க எனக்கு ஒருபோதும் ஆசை இருந்ததில்லை. விவாகரத்து ஆன குளிர்காலத்தில் கிளப்பில் சேர்ந்தேன். மகள் இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். நான் நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மேசை எண் பதினொன்று என்பார்கள். வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏறியதிலிருந்து ஞாயிறு வீடு திரும்பும்வரை யாராவது "நெவெனா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இருந்த ஒரே கூட்டம் அதுதான். அதற்காக என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

சாவா சேர்ந்தது அந்த விபத்துக்கு முந்தைய வருடம். நாற்பத்தேழு வயது. டிராம் ஓட்டுநர். மனைவி ரோஸித்ஸாவுக்குப் பனி ஆகாது என்று தனியாகத்தான் வருவார். சறுக்கும்போது முதுகு விறைத்து, முழங்கால் மடங்காமல், யாரோ தண்டவாளம் போட்டுவைத்த மாதிரி ஒரே கோட்டில் வருவார். எல்லாரும் கீழே நின்று குளிரில் கால் மாற்றிக்கொண்டிருக்கும்போது கடைசியில் அவர் உருவம் தெரியும். உடனே யாராவது ஆரம்பிப்பார்கள்.

"டிங் டிங்! வழி விடுங்கப்பா, அஞ்சாம் நம்பர் வருது!"

"டேய் சாவா, வழியில எத்தனை ஸ்டாப்டா?" என்பார் யாகிம்.

சாவா மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார். "மன்னிச்சுக்கங்கண்ணே. ஏத்தம் இறக்கம் பாத்துதானே ஓட்டணும். சரக்கு பத்திரமா வந்து சேர்ந்துச்சுல்ல?"

அவர் வந்த வேகத்தைவிட அவர் மன்னிப்புக் கேட்ட வேகம் அதிகம். அதுதான் பலருக்கு எரிச்சல். வாலாக அவர் பின்னால் வந்தவள் நான் என்பதால் அவரோடு அதிகம் பேசியதும் நான்தான். வளைவில் நின்று மூச்சு வாங்கும்போது தன் டிராமில் ஏறும் பயணிகளைப் பற்றிச் சொல்வார். ஒரு கிழவர் தினமும் ஏறி, இரண்டு நிறுத்தம் உட்கார்ந்திருந்து, இறங்கி, எதிர்ப் பக்கம் ஏறித் திரும்பிப் போவாராம். "வீட்டுல ஹீட்டர் இல்ல போல. நான் டிக்கெட் கேக்குறதில்ல" என்றார்.

அன்று சனிக்கிழமை, பிப்ரவரி. கிளப்பின் முப்பத்தைந்தாம் ஆண்டு விருந்து மாலை ஏழு மணிக்கு. விடுதி அடுப்பில் முழு ஆடு காலையிலிருந்தே வெந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவின் வழக்கமான தலைவருக்குக் காய்ச்சல் என்று யாகிமே எங்களை அழைத்துப் போனார். அவர் முன்னாள் உடற்பயிற்சி ஆசிரியர், அறுபத்தொரு வயது, எப்போதும் வேகமான முதல் குழுவோடு பறக்கிறவர். மந்தமான கூட்டத்தை மேய்ப்பது அவருக்குத் தண்டனை. காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் மலையின் வடக்குப் பக்கம் போனோம். அங்கிருந்து விடுதிப் பக்கம் திரும்ப கம்பியில் தொங்கும் ஒரே ஒரு நாற்காலி லிஃப்ட். மூன்றே முக்காலுக்கு நிறுத்திவிடுவார்கள். தவறவிட்டால் வடக்குக் கிராமத்துக்கு இறங்கி, வண்டி பிடித்து, மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம். முந்தைய மாதம் யாகிம் குழுவுக்கு அப்படி ஆகி, கிளப்பே அவரை வாரம் முழுக்கக் கிண்டலடித்திருந்தது.

மூன்று மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. கை நீட்டினால் கோலின் நுனி தெரியவில்லை. யாகிம் மற்ற ஆறு பேரோடு கீழே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது போனால் லிஃப்ட். இடது போனால் காட்டு வழியாகக் கிராமம். மேலே நானும் சாவாவும். சாவா விழுந்துவிட்டார். ஒரு காலின் சறுக்குப் பலகை கழன்றுவிட்டது. பூட்ஸின் அடியில் பனி கெட்டியாக ஒட்டியிருந்ததால் திரும்ப மாட்ட முடியவில்லை. குனிந்து, நகத்தால் சுரண்டி, மிதித்துப் பார்த்து, மறுபடி குனிந்தார்.

வாக்கி டாக்கியில் யாகிம் கேட்டார். "வால், எங்க இருக்க?"

"முந்நூறு மீட்டர் மேல. சாவா விழுந்துட்டாரு. பூட்ஸ் மாட்ட மாட்டேங்குது."

"மணி என்ன தெரியுமா? மூணு முப்பத்தாறு."

"ரெண்டு நிமிஷம் குடுங்கண்ணே."

"அவனுக்கு ரெண்டு நிமிஷம்னா நமக்கு ரெண்டு மணி நேரம். இங்க பாரு, நீ வா. அவனை அந்தக் காட்டுப் பாதையில கிராமத்துக்கு இறங்கச் சொல்லு. அது பச்சப்புள்ளைங்க போற வழி. அங்கேர்ந்து டாக்ஸி பிடிச்சு வரட்டும்."

"அவர் தட்டலையே."

ஒரு நொடி இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அவர் சிரிப்பு. "தட்டணுமா? இந்தா, அவனுக்காக நானே தட்டிட்டேன்." டக் என்று ஒரு சத்தம். தன் இரண்டு கோல்களையும் ஒன்றோடொன்று மோதியிருக்கிறார். பின்னணியில், சற்றுத் தள்ளி நின்ற மற்றவர்களின் பேச்சு கேட்டது. சத்தம் கேட்டு, சாவா வந்துவிட்டார் என்று நினைத்து யாரோ "டிங் டிங்" என்றார்கள். "கேட்டுச்சா? வா இப்ப."

பூட்ஸில் ஒட்டிய பனியை எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் இருப்பவர் கோலின் கூர்முனையால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். அதை நான் நூறு பேருக்குச் செய்திருக்கிறேன். அன்று நான் செய்யவில்லை. ஏழு மணி விருந்தில் எனக்கு ஒரு கேடயம் தரப்போகிறார்கள் என்று என் அறைத் தோழி மிக்லேனா முந்தின நாள் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். நிஜக் காரணம் அதுகூட இல்லை என்று நினைக்கிறேன். என்னால் குழு லிஃப்டைத் தவறவிட்டது என்று ஆகக் கூடாது, அவ்வளவுதான்.

"சாவா, நீங்க இடது பக்கப் பாதையில நேரா இறங்கிடுங்க. வழி காட்டுற கம்பத்தை விடாம போனா கிராமம் வந்துடும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. "நில்லுங்கக்கா, ஒரு நிமிஷம். இதோ மாட்டிட்டேன்."

"கீழ பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

லிஃப்ட் நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் நாங்கள் எட்டுப் பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். யாகிம் என் தோளில் தட்டி, "இதுதான் வால்" என்றார்.

சாவா ஐந்து மணிக்கு வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. அழைத்தால் அவர் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. "எங்கயாவது சூப் குடிச்சிட்டு உக்காந்திருப்பான்" என்றார்கள். ஏழு மணிக்கு மேசையில் ஆடு வந்த பிறகுதான் யாகிம் மலை மீட்புக் குழுவுக்குப் போன் செய்தார். எல்லாருக்கும் கேட்கும்படி உணவுக் கூடத்தின் நடுவில் நின்றே பேசினார். மறுமுனையில் கேட்ட கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் பதில் கேட்டது.

"இல்ல இல்ல, எங்க குழுவோட இல்ல. சொல்லிட்டுத் தனியாப் போனவரு."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை.

"தட்டினானே" என்றார் பல் மருத்துவர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "எனக்கே சத்தம் கேட்டுச்சு."

"ஆமா, டக்குன்னு கேட்டுச்சு" என்றாள் மிக்லேனா.

"அவன் கோலு அந்த சிவப்புப் பிடி போட்டது. ஒரு மாதிரி கணீர்னு கேக்கும்" என்றார் நில அளவைக்காரர்.

பத்து நிமிடத்துக்குள், அவர்கள் பேச்சில், சாவா பாதை பிரியும் இடத்துக்கு வந்திருந்தார், யாகிமின் முன்னால் நின்றிருந்தார், இடது கையுறையைக் கழற்றியிருந்தார், கிராமத்தில் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகக்கூடச் சொல்லியிருந்தார். ஒருவர் ஒன்று சேர்க்க, அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று சேர்த்தார். சத்தம் கேட்டது உண்மை. மூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பதும் உண்மை. மிச்சத்தை அவர்கள் கட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் நான்தான் கடைசியாக வந்தவள்.

நான் தட்டைப் பார்த்தேன்.

மீட்புக் குழு அவரை ஓடைப் பள்ளத்தில் கண்டுபிடித்தது. காட்டுப் பாதையின் கம்பங்கள் பாதி பனியில் புதைந்திருந்திருக்கின்றன. வளைவைத் தவறவிட்டு நேராகப் போய்க் கரையிலிருந்து விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிவு. தலையில் அடி. வலது காலில் பலகை இல்லை. அதைக் கடைசிவரை மாட்டவே முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பலகையில் சறுக்கியும் நடந்தும் இறங்கியிருக்க வேண்டும். வலி தாங்காமல் அந்த பூட்ஸைத் தளர்த்தியிருக்கிறார். குளிரில் உறைந்துபோன இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

புதன்கிழமை மாலை கிளப்பின் அலுவலகத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். அது ஒரு அடுக்குமாடியின் நிலவறை. பழைய கோப்பைகளும் உடைந்த பலகைகளும் கிடக்கும். மிக்லேனா கணினி முன் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கிளப்பின் செயலாளர். விளையாட்டுச் சம்மேளனம் ஒரு பக்க அறிக்கை கேட்டிருந்தது. அறிக்கையில் தலைவரும் வாலும் கையெழுத்திட வேண்டும்.

'உறுப்பினர் ஏழாம் விதிப்படி, 15.35 மணியளவில், குழுவிலிருந்து விலகிச் சென்றார்' என்று எழுதியிருந்தது.

"யாகிம் அண்ணே, அவர் தட்டலை. நீங்கதான் தட்டினீங்க."

யாகிம் எனக்குத் தேநீர் ஊற்றினார். "நெவெனா, நான் தமாஷுக்குப் பண்ணேன். அது உனக்கும் தெரியும். ஆனா அவன் கிராமத்துக்குப் போறேன்னு ஒத்துக்கிட்டானா இல்லையா?"

"ஒத்துக்கல. நில்லுங்கன்னாரு."

"அப்ப நீ ஏன் நிக்கல?"

நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"நான் கீழ இருந்தேன்மா. எனக்கு என்ன தெரியும்? மேல அவன் பக்கத்துல நின்னது நீ. ஆரஞ்சு சட்டை போட்டிருந்தது நீ. நான் வான்னு கூப்பிட்டா, வர முடியாதுன்னு சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் வால்தான். அது ஒன்பதாம் விதி. நீயே வருஷா வருஷம் புதுசா வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டுறியே." குரலில் கோபமே இல்லை. பாடம் நடத்துகிற மாதிரிதான் இருந்தது. "சரி, இதை மாத்தி எழுதுவோம். என்ன எழுதணும் சொல்லு. மிக்லேனா அடிக்கட்டும். 'வால் அவரை விட்டுவிட்டு வந்தார்.' இதுதானே? அப்படியே போட்ருவோமா?"

மிக்லேனா விசைப்பலகையில் கையை வைத்துக் காத்திருந்தாள். பன்னிரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தவள். "நெவி, கிளப்பையே மூடிருவாங்கடி" என்றாள் மெதுவாக. "அப்புறம் நாம சனிக்கிழமை என்ன பண்றது? அந்த மனுஷனுக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம். காப்பீடு எப்படியும் வந்துடும். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருந்தது: உண்மையைச் சொன்னால் எனக்கு நஷ்டம், சொல்லாவிட்டால் சாவாவுக்கு. இரண்டும் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு மருத்துவமனைக்குப் போனேன். கிளப் சார்பில் போகச் சொன்னார்கள். இல்லாவிட்டாலும் போயிருப்பேனா என்று தெரியவில்லை. சாவா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ரோஸித்ஸா நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஜாடியிலிருந்து குளிர்ந்த சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் ஜாடியை மூடிவிட்டு எழுந்தாள்.

"நீங்கதான் நெவெனா அக்காவா? உங்களைப் பத்திதான் வந்து வந்து சொல்லுவாரு. மத்தவங்க எல்லாம் ஓடிருவாங்க, அந்தக்கா மட்டும் நிப்பாங்கன்னு."

நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தேடினேன்.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? அவர் தனியாப் போறேன்னு சொன்னாராமே. எனக்கு அதுதான் புரியல. எங்க வீட்டு நிலவறைக்கு ஊறுகாய் எடுக்கப் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிடுற ஆளு. மூட்டத்துல, காட்டுல, தனியாவா? ஏதாவது கோவமா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அப்படி எதுவும் இல்லம்மா."

"அப்ப நிஜமாவே தட்டினாரா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படின்னா என்கிட்டதான் ஏதோ தப்பு. அவர் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வீட்டுல சண்ட போட்டோம். மனசுல வெச்சிருந்திருப்பாரு" என்றாள்.

அதையும் நான் மறுக்கவில்லை.

சம்மேளனம் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. கேடயத்தை ஏப்ரலில் தந்தார்கள். கிளப்பின் அலுவலகத்தில் காலியாக இருந்த அலமாரியில் வைத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

சாவாவால் மறுபடி டிராம் ஓட்ட முடியவில்லை. பணிமனையில் சாவிகள் கொடுத்து வாங்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த டிசம்பரில் முதல் பயணத்தன்று நான் பேருந்தில் ஏறியபோது அவர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். முன் இருக்கை என்பது எங்கள் கிளப்பில் முதல் குழுக்காரர்களுக்கு மட்டும். கால்களுக்கு இடையே ஒரு கைத்தடி.

ஊரைத் தாண்டியதும் அவர் எழுந்து, ஓட்டுநரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். போன பிப்ரவரியில ஆண்டு விருந்தைக் கெடுத்தவன் நான்தான்." யாரும் சிரிக்கவில்லை. "ஆடு ஆறிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு மன்னிப்பு. உங்க யாருக்கும் தொந்தரவு குடுக்கணும்னு நான் நெனக்கல. இது எங்க மாமனார் பிளம் பழத்துல வடிச்ச ரக்கியா. ஆளுக்கு ஒரு வாய்."

கை தட்டினார்கள். பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாகிம் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பாட்டில் கை மாறி மாறி என்னிடம் வந்தது. குடித்தேன்.

மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு ஏழாம் விதியைச் சொல்லிக்கொடுத்தவர் சாவா. யாகிமின் யோசனை அது. விடுதி வாசலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "தட்டுறதுக்கு முன்னாடி பத்து வரைக்கும் எண்ணுங்க. நான் எண்ணல. அதான் இப்படி நிக்கிறேன்" என்றார். அவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். யாகிம் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் பூட்ஸின் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது கொக்கி மாட்டவே இல்லை.

மதியம் குழுவை இன்னொருவரிடம் விட்டுவிட்டு மலைக் குடிலுக்கு வந்தேன். சாவா சறுக்குவதில்லை. பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்வார். ஜன்னலோரம் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். பத்து மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்தான்.

"சாவா, நீங்க தட்டலை. நான் உங்களை விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ரொட்டியை சூப்பில் தோய்த்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மார்ச் கடைசிலயே ஞாபகம் வந்துடுச்சு. மொத்தமா இல்ல, துண்டு துண்டா. முதல்ல நிறம் வந்துச்சு. ஆரஞ்சு. அது சின்னதா ஆயிட்டே போச்சு. என்னடா இது, பழமா, விளக்கான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன். அப்புறம் உங்க குரல் வந்துச்சு. 'கீழ பாக்கலாம்.'"

குடிலின் அடுப்பில் யாரோ விறகு போட்டார்கள். அவர் சூப் கிண்ணத்தைச் சாய்த்து மிச்சத்தை வழித்தார்.

"அப்புறம் ஏன் பஸ்ல அப்படிப் பேசினீங்க? ஏன் மன்னிப்புக் கேட்டீங்க?"

"வேற என்ன கேக்குறது? நியாயமா?" சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை. "கேட்டா என்ன ஆகும்? யாகிம் அண்ணன் உங்களைக் காட்டுவாரு, நீங்க அவரைக் காட்டுவீங்க, கிளப்பை மூடுவாங்க. விரல் முளைக்காது. டிராம் திரும்பி வராது. இப்ப பாருங்க. முன்னாடி நான் பஸ்ல ஏறினா 'டிங் டிங்'ம்பாங்க. இப்ப யாகிம் அண்ணன் என் பையைத் தூக்கிட்டு வர்றாரு. பல் டாக்டர் எனக்கு ஒரு பைசா வாங்காம பல் கட்டிவிட்டாரு. எனக்கு முன் சீட்டு. அவங்களுக்கு என்னைப் பாத்தா என்னவோ பண்ணுது, ஆனா என்னன்னு அவங்களுக்கே தெரியல. எனக்குத் தெரியும். அது நல்லாத்தான் இருக்குக்கா."

"ரோஸித்ஸாவுக்கு?"

"அவகிட்ட சொன்னா இங்க வர விடமாட்டா."

"அவங்க தன் மேலதான் தப்புன்னு நெனச்சுட்டு இருக்காங்க, சாவா."

முதல்முறையாக அவர் முகம் மாறியது. கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படி அவ நெனக்கிறதுக்கு யாரு காரணம்? ஆஸ்பத்திரியில 'பாத்தேன்'னு சொன்னது யாரு? அன்னிக்கு நான் தூங்கிட்டு இருந்தேன், சரி. அவ சொல்லித்தான் தெரியும். தினமும் சொல்றா. அந்தக்காவே பாத்தாங்களாம், அந்தக்காவே பாத்தாங்களாம்னு."

நான் அழ ஆரம்பித்தேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு காகிதக் கைக்குட்டையைத் தள்ளினார்.

"துடைங்க. ஆளுங்க வர்ற நேரம். இத்தனை நாள் கழிச்சு எதுக்கு இப்ப சொல்ல வந்தீங்க? எனக்காகவா? எனக்கு இதுல என்ன கிடைக்கும்? உங்களுக்கு பாரம் இறங்கணும். அதுக்கு நான் ஒரு ஸ்டாப்பா?"

"நான் கிளப்பை விட்டுப் போயிடுறேன்" என்றேன். "இந்தப் பயணம் முடிஞ்சதும் எழுதிக் குடுத்துடுறேன்."

"வேண்டாம்."

"உங்க முகத்தைப் பாத்துட்டு என்னால..."

"அதான் வேண்டாம்ங்குறேன். நீங்க போனா ஏன்னு கேப்பாங்க. பத்தொன்பது வருஷ வாலு எதுக்கு திடீர்னு போச்சு? ஒருத்தரு யோசிப்பாரு, இன்னொருத்தரு சத்தம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிப்பாரு. அப்புறம் எனக்கு முன் சீட்டு இருக்காது. நீங்க வரணும். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம், எப்பவும் வர்ற மாதிரி. சட்டை போட்டுக்கிட்டு, பின்னாடி நிக்கணும்." கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "என் காலுக்கு நீங்க குடுக்குறதுக்கு வேற என்ன இருக்கு?"

கதவு திறந்தது. யாகிமும் மற்றவர்களும் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மிக்லேனா என் கண்களைப் பார்த்து, "என்னடி, அழுதியா?" என்றாள்.

"சூப்புல மிளகாய் போட்டிருக்கான்" என்றார் சாவா. "அக்காவுக்கு ஒத்துக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். யாகிம் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஞாயிறு திரும்பும் வழியில், வழக்கம்போல அடுத்த பயணத்துக்கான பெயர்ப் பட்டியல் பேருந்தில் முன்னிருந்து பின்னாகக் கை மாறி வந்தது. விருப்பமுள்ளவர்கள் இருக்கை எண்ணுக்கு எதிரே தங்கள் பெயரை எழுத வேண்டும். என்னிடம் வந்தபோது முதல் இருக்கையில் சாவாவின் பெயர் இருந்தது. இரண்டாவதில், அவருடைய பெரிய சதுர எழுத்துகளில், அவரே என் பெயரையும் எழுதியிருந்தார். நான் அதை அடித்து நீக்கவில்லை. பட்டியலை மிக்லேனாவிடம் கொடுத்தேன்.